வன்னியிலிருந்து பேராதனைக்குப் பட்டப்பின்படிப்பு: போகலாமா, எப்படிப் போவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பட்டம் முடித்து, இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: "அக்கா, பேராதனையில் மேலே படிக்க ஆசை. அங்கே படித்த ஒரு சிநேகிதி, வார இறுதியில்தான் வகுப்பு, ஒரு கஷ்டமும் இல்லை, போ என்கிறாள். இன்னொருத்தி, என் வாழ்க்கையில் ஐந்து வருஷம் போய்விட்டது, நீ போகாதே என்கிறாள். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் எங்கட ஆக்கள் எப்படித்தான் படிக்கிறார்கள்? இங்கேயே படித்தால் காணாதா?"

தங்கச்சி, உங்கள் சிநேகிதிகள் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் படித்தது ஒரே படிப்பாக இருக்காது. முதலாமவர் பாடநெறி முதுமாணி செய்திருப்பார், இரண்டாமவர் ஆராய்ச்சிப் பட்டம் செய்திருப்பார். எங்கள் ஊரில் இரண்டையும் "மாஸ்டர்ஸ் செய்கிறாள்" என்று ஒரே வாயால் சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் படிகள் இருக்கின்றன. நீங்கள் முடித்த சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடங்களை மட்டும் படித்து எடுக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், அதற்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். பாடங்களோடு ஒரு ஆய்வும் செய்து 60 எடுத்தால் 10ஆம் மட்டம். முதுதத்துவமாணி (எம்.பில்) 11, கலாநிதி 12. பதவி உயர்வுக்கு ஒரு முதுமாணி இருந்தால் போதும் என்றால் 9ஆம் மட்டமே போதும். பிறகு ஒருநாள் விரிவுரையாளராகவோ ஆராய்ச்சி உத்தியோகத்தராகவோ வர விருப்பமிருந்தால் 10க்குக் கீழே போகாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் எந்த மட்டம் என்று போட்டிருக்கும். போடாவிட்டால் கேளுங்கள். "முதுமாணி" என்ற பெயரை மட்டும் பார்த்துக் காசு கட்டிவிட்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேர்முகத் தேர்வில் இது காணாது என்று கேட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வார இறுதிப் பாடநெறிதான் வேண்டும், வேலையையும் விட ஏலாது என்றால், பேராதனைக்குப் போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயர் பட்டப்படிப்புகள் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அது இருக்கிற பம்பைமடு உங்களுக்குப் பேராதனையை விடக் கிட்ட. அங்கே எந்த ஆண்டு எந்தப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு கிளிநொச்சியில் கண்டி பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் வகுப்பில் இருந்து, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கட்கிழமை காலை வரவுப் பதிவில் விரல் வைக்கிற வாழ்க்கை கொஞ்ச நாளைக்கு உற்சாகமாக இருக்கும். ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான் என்பதால் பாதை நேர். ஆனால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அப்படி ஓடி ஓடிப் படிக்கிறவர்கள் பல்கலைக்கழகத்தில் காண்பது விரிவுரை மண்டபத்தையும் கன்டீனையும் மட்டுந்தான். நூலகத்துக்கே போகாமல் பட்டம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இவ்வளவு தூரம் எதற்கு?

ஆராய்ச்சி செய்யத்தான் ஆசை என்றால் என் பதில் வேறு. போங்கள். ஆனால் குறைந்தது ஒரு வருஷமாவது அங்கேயே தங்கி இருக்க வழி செய்துகொண்டு போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பேராதனையில் விவசாயத்துக்கான பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1975இலிருந்து இருக்கிறது, விஞ்ஞானத்துக்கான நிறுவகம் 1996இலிருந்து. நாட்டின் பல பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவுரையாளர்களில் கணிசமானோர் அங்கே படித்தவர்கள், எங்கள் விவசாய பீடத்திலும் அப்படித்தான். கட்டடமும் கருவியும் இதில் ஒரு பகுதிதான். பெரிய இடத்தின் உண்மையான பயன், உங்கள் தலைப்போடு சம்பந்தமில்லாத ஆட்கள் பக்கத்து மேசையில் இருப்பது. நீங்கள் மண்ணைப் பார்ப்பீர்கள், பக்கத்தில் ஒருவர் நுளம்புக் குடம்பியை எண்ணிக்கொண்டிருப்பார், மற்றவர் நெல்லின் மரபணுவோடு மல்லுக்கட்டுவார். உங்கள் தரவில் ஏதோ பிழைக்கிறது என்று தேநீர் நேரத்தில் அலுத்துக்கொண்டால், "நாங்கள் அதை வேறு மாதிரிச் செய்வோம்" என்று அவர்களில் ஒருவர் சொல்லுவார். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை.

சரி, அந்தப் பெரிய இடத்தில் உங்களை யார் கவனிப்பார்கள்? ஒருவரும் இல்லை. முதல் பட்டம் படிக்கும்போது பட்ச் இருந்தது, சீனியர் இருந்தார்கள், விடுதி இருந்தது, குறிப்புக் கொப்பி கைமாறி வந்தது. பட்டப்பின்படிப்பில் ஆளுக்கொரு தலைப்பு, ஆளுக்கொரு மேற்பார்வையாளர், ஆளுக்கொரு முடிவுத் திகதி. விடுதி பெரும்பாலும் இளமாணி மாணவருக்குத்தான். உங்களுக்குப் போடிங் தேட வேண்டிவரும். விரிவுரையாளர்கள் உங்களை மாணவர் என்று நினைப்பார்கள், இளமாணிப் பிள்ளைகள் விரிவுரையாளர் என்று நினைத்து எழும்பி வழிவிடுவார்கள். இரண்டு பக்கமும் சேராத அந்த நிலை சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடித்தது. ஒருவரும் கணக்கெடுக்காத இடத்தில் ஆறுதலாக வாசிக்கலாம். ஆனால் கதைக்க ஆள் வேண்டும் என்கிற சுபாவம் என்றால், அதற்கு நீங்களாக வழி தேட வேண்டும். பேராதனை வளாகத்திலேயே குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பழக்கம் இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படியேறிப் பாருங்கள். முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, பதுளை என்று எல்லாப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் அங்கே சந்திக்கலாம். போடிங் விவரம், எந்த லாபில் எந்தக் கருவி வேலை செய்கிறது, எந்தக் கடையில் மச்சம் இல்லாத சாப்பாடு என்பதெல்லாம் கோயில் வாசலில்தான் கிடைக்கும்.

மொழியைப் பற்றி எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். வகுப்பும் ஆய்வேடும் ஆங்கிலம் என்பது உண்மைதான், அந்த ஆங்கிலம் வாசிக்க வாசிக்க வந்துவிடும். அங்கே நாளாந்த வாழ்க்கை ஓடுவது சிங்களத்தில். காசாளர், நூலக உதவியாளர், ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர், போடிங் வீட்டு அம்மா, முச்சக்கர வண்டிக்காரர் என்று ஒரு நாளில் நீங்கள் கதைக்கும் பாதிப் பேரோடு ஆங்கிலம் உதவாது. இதில் தொழினுட்ப உத்தியோகத்தரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த அரச பல்கலைக்கழக லாபிலும் பேராசிரியருக்கு அடுத்த ஆள் அவர்தான். கருவி எந்த நாள் சும்மா இருக்கும், எந்த இரசாயனம் தீரப்போகிறது, எந்தச் சூளையின் வெப்பமானி பொய் சொல்லும் என்பது அவருக்குத்தான் தெரியும். காலையில் அவருடைய மொழியில் இரண்டு வசனம் கதைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவரின் மாதிரி முதலில் ஓடும். போருக்குப் பிறகு வளர்ந்த உங்கள் வயதுப் பிள்ளைகளில் சிலருக்குச் சிங்களம் என்றால் மனதில் ஒரு இறுக்கம் இருக்கும். அது ஏன் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை, நானும் அதே மண்தான். ஆனாலும் போக முன்னம் ஆறு மாதம் பேச்சுச் சிங்களம் படியுங்கள் என்றுதான் சொல்வேன். படிவத்தை எந்த யன்னலில் கொடுப்பது என்று கேட்க ஒவ்வொரு முறையும் ஒரு சிநேகிதியைக் கூட்டிப்போவது மூன்றாம் முறையிலேயே வெட்கமாகிவிடும்.

இனி மேற்பார்வையாளர். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும், ஏனென்றால் பட்டப்பின்படிப்பு மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது உண்மையில் அந்த ஒரு ஆள்தான். எல்லாரும் முதலில் பல்கலைக்கழகத்தைத் தெரிகிறார்கள், பிறகு பாடத்தை, கடைசியாக யார் கிடைக்கிறாரோ அவரை. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். உங்களுக்குப் பிடித்த கேள்வியில் கடந்த ஐந்து வருஷத்தில் யார் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தக் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மாணவர்களின் பெயர் முன்னுக்கு வருகிறதென்றால் அவர் மாணவரை வளர்க்கிறவர். எல்லாவற்றிலும் அவர் பெயரே முன்னுக்கு நின்றால் யோசியுங்கள். பிறகு அவரிடம் இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?" நல்லவரா, கெட்டவரா என்று கேட்டால் எல்லாரும் "சேர் தங்கம்" என்றுதான் சொல்லுவார்கள். நாட்கணக்கைக் கேட்டால் உண்மை வரும்.

ஓய்வு வயது நெருங்குகிறதா, சபட்டிக்கல் என்கிற நீண்ட கல்வி விடுமுறையில் வெளிநாடு போகும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் பணிவாக விசாரித்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையாளர் நடுவில் வெளிநாடு போய் அங்கேயே நின்றுவிட்டார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது தேவையில்லை, எங்கும் நடக்கிற விஷயம். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு நாடெங்கும் விரிவுரையாளர்கள் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் இடையில் அந்தரித்து நின்ற மாணவருக்குப் புது மேற்பார்வையாளர் கிடைத்து, அவர் தன் விருப்பத்துக்குத் தலைப்பை மாற்றச் சொல்லி, மறுபடியும் முன்மொழிவு எழுதி, சபை கூடி அனுமதித்து வர ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அதனால் இரண்டு மேற்பார்வையாளர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேராதனையில், மற்றவர் கிளிநொச்சி அறிவியல் நகரில். உங்கள் பழைய பீடந்தான், உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வயலுக்கு வந்து பார்க்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பதன் அருமை முதல் போகத்திலேயே தெரிந்துவிடும். பேராதனை லாபில் உட்கார்ந்திருப்பவருக்கு இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று மின்னஞ்சலில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சேர் சொன்னால் "ஓம் சேர்". விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். பிறகு அறையை விட்டு வெளியே வந்து, அவர் என்ன சொன்னார் என்று ஆளையாள் கேட்பது. ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்றிரவே "இன்று கதைத்தது இவை, நான் செய்யப்போவது இவை, அடுத்த சந்திப்பு இன்ன நாள்" என்று நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். மறுத்துப் பேசத் துணிவில்லாதவருக்கு இது ஒரு கவசம். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் மறந்துபோய்ச் சொன்னால், வாக்குவாதப்படாமல் பழைய மின்னஞ்சலை முன்னுக்கு அனுப்பலாம்.

காசு. இலவசக் கல்வி என்று கன்னங்கரா காலத்திலிருந்து நாங்கள் அனுபவிப்பது முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் பதிவுக் கட்டணம், பாடநெறிக் கட்டணம், நூலகக் கட்டணம், சில இடங்களில் ஆய்வுகூடப் பாவனைக் கட்டணம், வெளியில் கொடுத்துச் செய்விக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கட்டணம். கட்டண அறிவித்தலில் கடைசிச் செலவு இராது, அது மாதிரிகளோடுதான் வரும். நல்ல வழி ஒன்றுண்டு. தேசிய ஆராய்ச்சிச் சபை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சி மானியம் கொடுக்கின்றன. அந்த மானியத்துக்குள் ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவும், பெரும்பாலும் பட்டத்துக்குப் பதிவு செய்யும் வசதியும் இருக்கும். இதற்கான விளம்பரம் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்து மறைந்துவிடும். ஆகவே மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே "உங்கள் மானியத்தில் உதவியாளர் இடம் வரும்போது தெரியப்படுத்துங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். கேட்பது வெட்கமில்லை.

நீங்கள் அரச ஊழியர் என்பதால் கற்கை விடுமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாபன விதிக்கோவையில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் விடுமுறை எடுத்தால் திரும்பி வந்து இத்தனை காலம் வேலை செய்வேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டிவரும், அதில் கையொப்பமிடப் பிணையாளிகள் தேட வேண்டும். நிர்வாக உத்தியோகத்தரிடம் வாயால் கேட்டதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். கோப்பு கச்சேரி, அமைச்சு என்று ஊர்வலம் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். அனுமதி வந்தபிறகு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தால் அந்த வருஷ விண்ணப்பம் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

அடுத்தது காலக்கணக்கு. விவசாயத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருஷங்களைத் தொலைப்பது இங்கேதான், உங்கள் இரண்டாவது சிநேகிதியின் ஐந்து வருஷமும் அனேகமாக இங்கேதான் போயிருக்கும். வன்னியில் காலபோகம் வருஷத்துக்கு ஒருமுறை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் தை மாசி வரைக்கும். சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. இரணைமடுவில் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். உங்கள் ஆய்வுக்குக் காலபோக வயல் வேண்டும், முன்மொழிவு சபையில் அனுமதிக்கப்பட்டது கார்த்திகை மாதம் என்றால் அந்த வருஷம் முடிந்தது. அடுத்த விதைப்புக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்க வேண்டும். வயல் ஆய்வுக்குப் பெரும்பாலும் இரண்டு போகத்துத் தரவு கேட்பார்கள். ஆக நடுவில் ஒரு வெள்ளமோ வரட்சியோ வந்தால் மூன்றாவது வருஷம். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததும், அந்த வருஷக் கடைசியிலேயே தடையைக் கைவிட்டதும் நினைவிருக்கும். பசளை அளவுகளை ஒப்பிட்டுப் பரிசோதனை போட்டிருந்த மாணவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் பெற்றோல் வரிசை, மின்வெட்டு, இறக்குமதிக் கட்டுப்பாட்டால் இரசாயனத் தட்டுப்பாடு. மின்சாரம் நின்றால் குளிரூட்டியில் வைத்த மாதிரி என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது நாள்காட்டி. விதைப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஐப்பசியில் வயலில் நிற்க வேண்டுமென்றால் ஆவணிக்குள் மண் மாதிரி எடுத்திருக்க வேண்டும், அதற்கு ஆனிக்குள் முன்மொழிவு முடிந்திருக்க வேண்டும், அதற்கு மாசி பங்குனிக்குள் மேற்பார்வையாளரோடு தலைப்பில் உடன்பட்டிருக்க வேண்டும். சபைகள் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கூட்டத்துக்குப் பத்திரம் பிந்தினால் ஒரு மாதம் போகும். அரச பல்கலைக்கழகத்தில் அவசரம் என்ற சொல்லுக்கு யாரும் அசைய மாட்டார்கள். அதற்காகக் கோபப்படுவதிலும் பயனில்லை, அந்த யன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் உங்களைப் போல நூற்றுக்கணக்கான கோப்பு இருக்கிறது.

மாதிரிகளைக் கொண்டுபோவது தனிக் கதை. உலர்ந்த மண் என்றால் பையில் கட்டி பஸ்ஸில் போட்டுவிடலாம். தண்ணீர் மாதிரி அப்படியில்லை. வவுனியாப் பக்கம் கிணறுகளில் புளோரைட்டு ஒரு பிரச்சினை, அதைப் பார்க்க வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் போத்தலில் எடுக்க வேண்டும், கண்ணாடி அதோடு தாக்கமடையும். உலோகங்களைப் பார்க்க எடுக்கும் போத்தலுக்கு எடுத்த இடத்திலேயே நைத்திரிக் அமிலம் விட வேண்டும், நைத்திரேற்றுக்கு எடுத்ததைக் குளிரில் வைத்து கெதியாகக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் கட்டி போட்ட றெஜிபோம் பெட்டியோடு இரவு பஸ்ஸில் ஏறினால், கொண்டக்டர் மீன் என்று நினைத்து மேலே ஏற்றச் சொல்லுவார். கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் ஒரு பகல் நின்ற மாதிரியின் பெறுபேற்றை நம்பி அத்தியாயம் எழுத முடியாது. முடிந்த அளவீடுகளை அறிவியல் நகர் லாபிலேயே செய்ய முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது மேற்பார்வையாளர் அங்கே இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரி எடுக்கும் இடத்தை வரைபடத்தில் எழுமாறாகக் குறிப்பார்கள். கணினி குறித்த புள்ளி பற்றைக் காட்டுக்குள் விழும். எங்கள் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை 2009க்குப் பிறகு எத்தனையோ வருஷம் நடந்தது, முகமாலைப் பக்கமெல்லாம் சிவப்புப் பலகை நெடுநாள் நின்றது. கிராம சேவையாளரையும் அந்த நிலத்துக் கமக்காரரையும் கேட்காமல் ஒரு புள்ளிக்கும் போகாதீர்கள். "இந்த இடத்தில் எடுக்க முடியவில்லை, காரணம் இது" என்று ஆய்வேட்டில் எழுதலாம். அதற்கு யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள். அம்பாந்தோட்டையிலும் குருநாகலிலும் மாதிரி எடுத்துப் பழகிய மேற்பார்வையாளருக்கு இது தோன்றாமல் போகலாம். நீங்கள் சொல்ல வேண்டும்.

மண்ணையும் தண்ணீரையும் விட்டு மனிதரிடம் போகும் ஆய்வு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வன்னிச் சனத்திடம் படிவம் நிரப்பாத ஆள் இல்லை. முகாமில் நிரப்பினார்கள், மீள்குடியேற்றத்தில் நிரப்பினார்கள், வீட்டுத்திட்டத்துக்கு நிரப்பினார்கள், தொண்டு நிறுவனம் வந்து நிரப்பியது, பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து நிரப்பினார்கள். "இதால எங்களுக்கு என்ன பிள்ளை வரும்?" என்று ஒரு அம்மா கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்: ஒன்றும் வராது அம்மா, எனக்கு ஒரு பட்டம் வரும், உங்கள் கிணற்றுத் தண்ணீரின் பெறுபேறு உங்களுக்குக் கொண்டுவந்து தருவேன். சொன்னால் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டும். பல ஆய்வாளர்கள் இதைச் செய்வதில்லை, அடுத்து வருகிற மாணவருக்குக் கதவு திறக்காமல் போவது அதனால்தான்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பிரதேச செயலக ஆள். நிவாரணப் பட்டியல், வாழ்வாதார உதவி எல்லாம் உங்கள் அலுவலகத்தால் போகிறது. அதே பிரிவில் நீங்கள் ஆய்வுப் படிவத்தோடு படலையில் நின்றால், எந்த விளக்கம் சொன்னாலும் அது உதவிப் படிவம் என்றுதான் சனம் நினைக்கும். வருமானத்தைக் குறைத்துச் சொல்லும், கடனைக் கூட்டிச் சொல்லும், மறுக்க நினைத்தாலும் மறுக்காது. அப்படி வந்த தரவில் உண்மை எவ்வளவு? அப்படி வாங்கிய சம்மதமும் சம்மதமா? ஆகவே உங்கள் பிரிவை விட்டு வேறு பிரிவில் செய்யுங்கள். ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது இதை நீங்களாகவே எழுதுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, சம்மதப் படிவத்தில் கையொப்பம். போருக்குப் பிறகு எங்கள் சனத்துக்குக் கையொப்பம் என்றாலே பயம், எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று குழுவிடம் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், நியாயமாக விளக்கினால் கொடுப்பார்கள். நேர்காணலைத் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் ஆய்வேட்டில் போட எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தாக்கவே ஒரு நாள் போகும்.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "எப்ப முடியும்?" என்று அம்மா ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்பார். கலியாணப் பேச்சு வரும்போது "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்பது முதல் வருஷம் பெருமையாக இருக்கும், மூன்றாம் வருஷம் சாட்டாகிவிடும். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முடிவுத் திகதி உறுதியாகச் சொல்ல ஏலாது என்பதை வீட்டில் முதலே சொல்லி வையுங்கள். முதுதத்துவமாணிக்கு முழுநேரமாக இரண்டு வருஷம் என்று விதி சொல்லும். வேலையோடு செய்தால் மூன்று, நான்கு என்று வையுங்கள். ஆய்வேடு கொடுத்த பிறகும் பரீட்சகர்கள் வாசித்து, வாய்மொழிப் பரீட்சை நடந்து, திருத்தம் செய்து கொடுக்க மாதங்கள் இருக்கின்றன. கொடுத்துவிட்டேன் என்றதும் ஊரில் கேக் வெட்டிவிடுவார்கள், தடுத்து வையுங்கள்.

இவ்வளவு எழுதியதைப் பார்த்து, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றினால் அதிலும் பிழையில்லை. உள்ளூரில் செய்வதில் பெரிய வசதி, மேற்பார்வையாளரும் வயலும் நீங்களும் ஒரே இடத்தில் இருப்பது. குறை, எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்களாக இருப்பது. உங்கள் முன்மொழிவைக் கேள்வி கேட்கப்போகிறவர் உங்களுக்கு முதலாம் ஆண்டில் படிப்பித்தவராக இருப்பார், கடுமையாகக் கேட்க அவருக்கும் மனம் வராது. தெரியாத ஒருவர் முன்னால் நின்று "இதை ஏன் செய்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகுவது வேறு. உங்களைப் பேராதனைக்கு அனுப்ப எனக்குள்ள ஆசையெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது மூன்று. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெறுபேற்று விபரத்தை முத்திரையிட்ட உறையில் எடுக்க விண்ணப்பம் கொடுங்கள், அதற்கு நாள் எடுக்கும். இடம்பெயர்வில் உயர்தரச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகவே மறுபிரதி கேட்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. பிறகு மேற்பார்வையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல். பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், அவர்கள் ஒரே கன்டீனில்தான் தேநீர் குடிக்கிறார்கள். ஒருவருடைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, அது வன்னியில் பொருந்துமா என்று உங்களுக்கு வந்த சந்தேகத்தை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள். அனுப்ப முன்னம் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.